எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் காசைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்

தனியார் நடத்தும் துறைமுகங்களை அரசு திரும்ப எடுக்கலாமா என்று சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். "பனாமாவைப் பாருங்கள், ஜிபூட்டியைப் பாருங்கள், ஒரே கையெழுத்தில் துறைமுகத்தைத் தனியாரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், நமக்கு மட்டும் ஏன் அந்தத் துணிவு வரவில்லை" என்று எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் முழங்கியதும் அரங்கில் அப்படியொரு கைதட்டல். பிடுங்கியதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். கிடைத்த பதிலை அதன் பிறகு நூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள்: "துபாய் முதலாளியின் கைக்கூலி." ஜிபூட்டியில் துறைமுகத்தை இழந்தது ஒரு துபாய் கம்பெனி, அதனால்.

கோயம்புத்தூரில் ஒரு சிறிய சரக்கு ஃபார்வர்டிங் அலுவலகத்தில், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ஆவணத்தில் எழுத்துப்பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். துபாயிலிருந்து எனக்குக் கூலி வருகிறது என்றால், எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது என்றும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது.

சொன்னதையே மறுபடி சொல்கிறேன். துறைமுகத்தை எடுத்துக்கொள்ள அரசுக்கு உரிமை இருக்கிறது. அது மக்களின் கடற்கரை, மக்களின் சொத்து, எல்லாம் சரி. ஆனால் ஒப்பந்தம் போட்டு ஒருவரிடம் கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். இன்றைக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்கு வட்டியோடு கொடுக்க வேண்டியிருக்கும், கொடுப்பது மக்களின் பணம். இதில் முதலாளித்துவம் எங்கே இருக்கிறது? இது மளிகைக்கடைக் கணக்கு.

பனாமா கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் கைதட்ட அதிகம் இல்லை. கால்வாயின் இரு முனைகளிலும் உள்ள பால்போவா, கிறிஸ்டோபல் துறைமுகங்களை ஹாங்காங்கின் ஹட்சிசன் குழுமம் 1997இலிருந்து நடத்தி வந்தது. 2026 ஜனவரியில் அந்தக் குத்தகை உரிமை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, நடந்தது வழக்கு, தீர்ப்பு. ஒரே கையெழுத்து அல்ல. தீர்ப்பு வந்த கையோடு, இடைக்காலத்தில் துறைமுகங்களை யார் நடத்துவார்கள் என்று அரசு அறிவித்தது தெரியுமா? டென்மார்க்கின் மெர்ஸ்க் குழுமத்தைச் சேர்ந்த ஏபிஎம் டெர்மினல்ஸ்! மக்கள் கைக்கு வந்துவிட்டது என்று நீங்கள் இங்கே பட்டாசு வெடிக்கிறீர்கள், அங்கே ஒரு கம்பெனியின் பலகையைக் கழற்றிவிட்டு இன்னொரு கம்பெனியின் பலகையை மாட்டுகிறார்கள். ஹட்சிசன் தரப்பு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய்விட்டது. அதன் செலவு இனிமேல்தான் தெரியும்.

ஜிபூட்டிக்கு வருகிறேன். அங்கே உண்மையிலேயே ஒரே கையெழுத்துதான்.

ஆப்பிரிக்காவின் கொம்பில், செங்கடல் வாயில், சுமார் பத்து லட்சம் பேர் வாழும் நாடு. விளைநிலம் இல்லை, ஆறு இல்லை. இருப்பது இடம் மட்டும். பக்கத்தில் எத்தியோப்பியா என்ற பெரிய நாடு கடலே இல்லாமல் கிடக்கிறது; 1998இல் எரித்ரியாவோடு போர் மூண்டதிலிருந்து அதன் ஏற்றுமதி இறக்குமதியில் பத்தில் ஒன்பது பங்கு ஜிபூட்டி வழியாகத்தான். 2006இல் துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, டொராலேயில் கன்டெய்னர் முனையம் கட்டி, 2009இல் திறந்தார்கள். பங்கில் மூன்றில் இரண்டு ஜிபூட்டித் தரப்புக்கு, ஒன்று துபாய்க்கு. நடத்துவது துபாய். பெரிய கப்பல்கள் வந்தன, நாட்டில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் இடங்களில் ஒன்றாக டொராலே ஆனது.

பிறகு மனம் மாறியது. ஒப்பந்தம் லஞ்சத்தால் வந்தது என்று ஜிபூட்டி அரசு லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனது, 2017இல் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில், முக்கியமான உள்கட்டமைப்பு ஒப்பந்தங்களை அரசு மாற்றவோ முறிக்கவோ வழிசெய்யும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2018 பிப்ரவரி 22 அன்று அதிபர் கெல்லேயின் ஆணை. முனையம் அரசின் கையில். கடையை வாடகைக்கு விட்டவர், வியாபாரம் சூடு பிடித்ததும் ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டை மாற்றுவார் இல்லையா, அதுதான் நடந்தது.

இந்த இடத்தில் நண்பர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஜிபூட்டித் தரப்பின் பங்கை வைத்திருந்த துறைமுகக் கம்பெனியில் 2013லேயே சீனாவின் சைனா மெர்ச்சண்ட்ஸ் 23.5 சதவீதம் பங்கு வாங்கிவிட்டது. 2017இல் டொராலேயிலேயே சீனக் கடனில் இன்னொரு துறைமுகம் திறந்தாகிவிட்டது. ஆக, அந்நியரை விரட்டினார்கள் என்ற பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

விலை என்ன ஆயிற்று? ஒப்பந்தம் செல்லும் என்று லண்டன் நடுவர் மன்றம் 2018இலேயே சொன்னது. 2019இல், சீனாவோடு இன்னொரு துறைமுகம் கட்டி ஒப்பந்தத்தின் தனியுரிமையை மீறியதற்காக 38.5 கோடி டாலரும் வட்டியும் கொடு என்றது. அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2025இல், துறைமுகக் கம்பெனிக்கு எதிராக டிபி வேர்ல்டு கேட்ட 68.2 கோடி டாலர் கோரிக்கை தள்ளுபடியானதே என்று யாராவது வருவீர்கள். ஆமாம், தள்ளுபடியானது. அது கம்பெனிக்கு எதிரான வழக்கு. நான் சொல்வது அரசுக்கு எதிரான தீர்ப்பு. அது அப்படியே நிற்கிறது, வட்டியும் அதன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் பேப்பர் செய்தி, உனக்கென்ன என்று கேட்கலாம். கேளுங்கள். 2018இல் எங்கள் அலுவலகம் எத்தியோப்பியாவில் உள்ள ஒரு நூற்பாலைக்கு, நூல் நூற்கும் எந்திரமான ரிங் ஃப்ரேமின் உதிரிபாகங்களை அனுப்பியிருந்தது. ஆலை மேலாளர் பீளமேட்டுக்காரர். கன்டெய்னர் நடுக்கடலில் இருக்கும்போது டொராலே செய்தி வந்தது. முனையத்தில் கிரேன் ஒரு நாளும் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காப்பீட்டுத் தரப்பு, சரக்கு இறங்கியதும் யார் பொறுப்பில் இருக்கும் என்று எழுத்தில் கேட்டது. கப்பல் ஏஜென்டிடம் கேட்டால், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வங்கி, காப்பீட்டுக் கடிதம் இல்லாமல் அசல் ஆவணத்தை விடாது. கன்டெய்னர் இறங்கியும் கிடந்தது, எத்தியோப்பியாவுக்குள் கன்டெய்னர்களை வாங்கி வைக்கும் மொஜோ உலர்துறைமுகத்துக்கு ஏறவில்லை. மேலாளர் தினமும் போன் செய்வார். "தம்பி, யார் யாரை விரட்டினால் எனக்கென்ன? இரண்டு ரிங் ஃப்ரேம் நிற்கிறது. ஒரு ஷிஃப்ட் பெண் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்." நான் "பேசிக்கொண்டே இருக்கிறேன் அண்ணா" என்பேன். அவருக்கும் தெரியும், நான் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று.

கன்டெய்னர் தேங்கிக் கிடந்ததற்கான டெமரேஜ் கட்டணத்தைக் கட்டியது துபாய் அல்ல. ஜிபூட்டி அதிபரும் அல்ல.

துறைமுகம் கட்டுகிறவன் போட்ட பணத்தை எடுக்க இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். கடலைத் தூர்வாரி, கப்பல் தளம் கட்டி முடித்த பிறகு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது. காங்கிரீட் காயும் வரை அவன் கை ஓங்கியிருக்கும், காய்ந்த பிறகு அரசின் கை ஓங்கிவிடும். இது தெரிந்துதான் அடுத்து வருகிறவன் கூடுதல் லாபம் கேட்பான், கடன் கொடுக்கிறவன் கூடுதல் வட்டி கேட்பான், காப்பீட்டுக்காரன் கூடுதல் பிரீமியம் கேட்பான். அத்தனையும் கன்டெய்னர் கட்டணத்தில் ஏறும். எத்தியோப்பியாவில் கோதுமை வாங்குகிற பெண்ணின் பையில் இறங்கும்.

அப்புறம் பெர்பெரா. டிபி வேர்ல்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 2016லேயே பக்கத்துச் சோமாலிலாந்தில் பெர்பெரா துறைமுகத்தை 30 ஆண்டுக்கு எடுத்து, 44.2 கோடி டாலர் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. டொராலே பறிபோன பிறகு அவர்களுக்கு அங்கே ஒரு வேகம் வந்தது. 2021இல் புதிய முனையம் திறந்தது. அங்கிருந்து எத்தியோப்பிய எல்லைக்குச் சாலையும் இருக்கிறது. ஜிபூட்டியின் ஒரே பெரிய வாடிக்கையாளருக்கு மாற்று வழி கட்டிக்கொடுக்கிற வேலையை, ஜிபூட்டி விரட்டிய கம்பெனியே செய்கிறது. துணிவு என்றால் இதுதான் போலிருக்கிறது.

இனி கேள்விகள். வரும், தெரியும்.

"அந்த ஒப்பந்தமே அநியாயம்தானே, வேறு துறைமுகமே கட்டக்கூடாது என்று நாட்டைக் கட்டிப்போட்டதே?" கட்டிப்போட்டதுதான். மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்ததும் உண்மை. மோசமான ஒப்பந்தத்தை முறிக்கவும் ஒரு விலை உண்டு. பேசி, கணக்குப் பார்த்து, கொடுத்து முறிக்க வேண்டும். இல்லையென்றால் குத்தகை முடியும் வரை பொறுத்திருந்து புதுப்பிக்காமல் விடலாம். தான்சானியா 2022 கடைசியில் தார் எஸ் சலாம் முனையத்தில் அதைத்தான் செய்தது. யாரும் கைதட்டவில்லை, ஆனால் பிடுங்கினார்கள் என்ற பெயரும் வரவில்லை.

"துறைமுகம் இப்போதும் நன்றாகத்தானே ஓடுகிறது?" ஓடியது. உலக வங்கியின் 2020ஆம் ஆண்டுத் தரவரிசையில் ஆப்பிரிக்காவிலேயே முதலிடத்தில் வந்தது. மறுக்கவில்லை. அரசு ஊழியர்களுக்குத் துறைமுகம் நடத்தத் தெரியாது என்று நான் எங்கே சொன்னேன்? நன்றாக ஓடுகிறது, லாபமும் வருகிறது என்றால் அந்த லாபத்திலிருந்து தீர்ப்புத் தொகையைக் கட்டலாமே.

"நாசர் சூயஸை எடுத்ததும் தப்பா?" இதைத்தான் எதிர்பார்த்தேன். 1956 ஜூலை 26 அன்று நாசர் சூயஸ் கால்வாய் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். மூன்று நாடுகள் படையெடுத்து வந்தன. இதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். 1958இல் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 2.83 கோடி எகிப்தியப் பவுண்டு கொடுக்க எகிப்து ஒப்புக்கொண்டு, தவணை தவணையாகக் கட்டி முடித்ததை மட்டும் ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? குண்டு போட்டவர்களின் நாட்டுப் பங்குதாரர்களுக்கே காசு கொடுத்தார் அந்த மனிதர். அவர் யாருடைய கைக்கூலி?

"டிபி வேர்ல்டுக்கு வக்காலத்தா?" 2022 மார்ச்சில், அவர்களுக்குச் சொந்தமான பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ், சுமார் 800 மாலுமிகளைப் பதிவுசெய்த வீடியோவைப் போட்டுக் காட்டி ஒரே காலையில் வேலையைவிட்டு நீக்கியபோது இதே பக்கத்தில் நான் எழுதியதைத் தேடிப் படியுங்கள். அப்போது எனக்குக் கைதட்டினீர்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கம்பெனிக்காக அல்ல. அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்குப் புறவழிச்சாலை வந்தபோது தாத்தா வைத்துவிட்டுப் போன தோட்டத்தில் பாதி போயிற்று. நிலம் எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் நான்கு ஒன்று நோட்டீஸ் வந்தது. ஊர் நன்மைக்குத்தானே என்று அப்பா எதிர்க்கவில்லை. அவர்கள் போட்ட விலையில் கிணற்றையே கணக்கில் சேர்க்கவில்லை. சப் கோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார். ஜெயித்த பிறகுதான் அலைச்சலே ஆரம்பித்தது. பணம் வரவில்லை. நிறைவேற்று மனு போட்டோம். கடைசியில் அமீனா போய் அந்த அலுவலகத்தின் ஜீப்பில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார். பசை காய்வதற்குள் ஓர் அதிகாரி ஓடிவந்து, ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள் என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா கொடுத்தார். கடைசித் தவணை வந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா.

பன்னாட்டுக் கம்பெனியும் உன் அப்பாவும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியாதா? கம்பெனிக்கு லண்டனில் வக்கீல் இருக்கிறார், பெர்பெரா இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு டி.வி.எஸ் 50 இருந்தது. ஆனால் "எடுத்துக்கொண்டோம், காசை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிப் பழகுகிற அரசு, ஆள் பார்த்தா சொல்லும்? பெரியவனிடம் சொல்லும்போது நீங்கள் கைதட்டினால், சின்னவனிடம் சொல்ல அதற்குக் கேட்கவா வேண்டும்? கைதட்டிய அத்தனை பேரில் ஒருவர் வீட்டிலாவது நான்கு ஒன்று நோட்டீஸ் வந்திருக்காதா?

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், நண்பர் கடைசியில் வந்து நின்றது அங்கேதான். அந்தத் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை நானும் எதிர்க்கிறேன். பழவேற்காட்டு மீனவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் எதிர்க்கிறேன். விரிவாக்கத்துக்கு அனுமதி மறுப்பது வேறு, ஓடிக்கொண்டிருக்கும் துறைமுகத்தை விலை கொடுக்காமல் பிடுங்குவது வேறு. முதலாவதற்கு மக்கள் போராடுகிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டாவதைத் தொலைக்காட்சியில் மட்டும்தான் கேட்கிறேன். 2018இல் அதானி குழுமம் எல் அண்ட் டியிடமிருந்து அந்தத் துறைமுகத்தை 1,950 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அரசு திரும்ப எடுக்க வேண்டும் என்றால் இன்றைக்கு அதன் மதிப்பு என்ன, ஒப்பந்தத்தில் முறிவு பற்றி என்ன எழுதியிருக்கிறது, எந்தத் துறையின் நிதியிலிருந்து கொடுப்பது என்று எழுதுங்கள். கணக்கு சரியாக இருந்தால் உங்களுக்கு முன்னால் நான் கொடி பிடிக்கிறேன்.

கணக்கோடு வருகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்வேன். மற்றவர்களை நீக்கப்போவதில்லை, படிக்கவும் போவதில்லை. நாளைக்குக் காலையில் கொச்சிக் கப்பலுக்கு ஆவணம் போக வேண்டும்.