அடுத்து என்ன படிக்கிறது?

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனுக்குப் படிக்க எங்கே நேரம் என்று கேட்கிறார்கள். காலை எட்டரையிலிருந்து பதினொரு மணி வரை தலை நிமிர முடியாது. மனு நகல், பத்திர நகல், ஆதாருக்கு முன்பக்கம் பின்பக்கம், "அண்ணா சீக்கிரம், ஜட்ஜ் உக்காந்துட்டாரு" என்று ஓடி வரும் ஜூனியர்கள். மதியம் இரண்டரைக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த ஈ ஓட்டுகிற நேரத்தில்தான் பதினைந்து வருஷமாகப் படித்து வருகிறேன்.

போன வாரம் ஒரு ஜூனியர் வக்கீல் பொண்ணு கல்லாவுக்கு எதிரில் வந்து நின்று, "எப்பப் பாத்தாலும் இன்னாவோ படிச்சிகினே கீறீங்களேண்ணா, எனக்கும் ஒரு பத்து புக்கு எழுதிக் குடுங்களேன்" என்றது. ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். மூன்று பெயர் எழுதியதும் கை நின்றுவிட்டது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால் நானே பட்டியல் வைத்துப் படித்தவன் கிடையாது. ஏதாவது ஒரு புத்தகத்தோடு எனக்குச் சண்டை வரும். அதைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு புத்தகத்தைத் தேடிப் போவேன். அங்கே வேறொரு சண்டை காத்திருக்கும். எனவே பத்துப் பெயருக்குப் பதிலாக, இந்த நாலு மாசத்துச் சண்டையை இங்கே எழுதுகிறேன். அந்தப் பொண்ணும் இங்கே நட்பில் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்.

ஆரம்பித்து வைத்தது மு.வ. என்கிற மு. வரதராசன். பொங்கலுக்குப் பரண் துடைத்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து 'அகல் விளக்கு' வந்தது. அட்டை இல்லை. முதல் பக்கத்தில் நீல மையில், 'திருமணப் பரிசு, தாலுக்கா ஆபீஸ் நண்பர்கள்' என்று எழுதி, கீழே ஊர் பெயரும் வ.ஆ. மாவட்டம் என்றும் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு கொடுக்க முடியாதவர்கள் மு.வ. நாவல் கொடுத்திருக்கிறார்கள். (எங்கள் வாலாஜா வீடு கட்டிய இடத்திலேயேதான் இருக்கிறது. மாவட்டம்தான் வட ஆற்காடு, வேலூர், ராணிப்பேட்டை என்று மாறிக்கொண்டே போகிறது.)

இருபது வயதில் நான் மு.வ.வைக் கிண்டல் செய்தவன். அவர் பாத்திரங்கள் பேசுவதில்லை, பாடம் நடத்துகிறார்கள் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது நாற்பத்தெட்டில், கடையில் உட்கார்ந்து முதல் அத்தியாயங்களைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. வாலாஜாப்பேட்டைத் தெரு, பாலாறு, பெருங்காஞ்சி கிராமத்திலிருந்து படிக்க வரும் சந்திரன் என்ற அழகான, கெட்டிக்காரப் பையன், அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளரும் வேலய்யன். கதையைச் சொல்வது வேலய்யன்தான். கூடப் படித்த ஒருத்தன் நம்மைவிட எல்லாவற்றிலும் ஒரு படி மேலே இருக்கும்போது உள்ளுக்குள் பெருமையும் பொருமலும் கலந்து ஒன்று வரும் அல்லவா, அதை மு.வ. சத்தமே போடாமல் எழுதியிருக்கிறார். இந்த மண்ணிலிருந்து போன மனுஷர். 1912-ல் திருப்பத்தூரில் பிறந்தவர், அங்கேயே தாலுக்கா ஆபீஸில் எழுத்தராக இருந்து, பள்ளியில் தமிழ் நடத்தி, அப்புறம் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனவர். சொந்த ஊர் வாலாஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிற வேலம். அந்தப் பழக்கம் முதல் பகுதி முழுக்கத் தெரிகிறது.

நமக்குத் தெரிந்த ஊரைப் பற்றிய நாவல் படிப்பதில் ஒரு வசதி, எழுத்தாளர் புளுகினால் பிடித்துவிடலாம். பிடிக்கிற எண்ணத்தோடுதான் படித்தேன். பாலாற்றைப் பற்றி வரும் இடத்தில் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பாலாறு மணலும் சீமைக் கருவேலமும்தான். பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிற இடம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "உனக்கு இன்னாடா தெரியும், நாங்க கையாலயே ஊத்து தோண்டி கொடம் ரொப்பிகினு வருவோம்" என்றாள். எத்தனை முழம் தோண்டணும் என்று கேட்டேன். முழமா, என்று சிரித்துவிட்டு முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான் ஆழம். மு.வ. பொய் சொல்லவில்லை, நான்தான் தாமதமாகப் பிறந்திருக்கிறேன்.

ஆனால் நாவல் சென்னைக்குப் போனதும் கிண்டல் செய்த பழைய ஆள் எனக்குள் மறுபடி எழுந்துவிட்டான். சோதிடம், சடங்கு, ஒழுக்கம் என்று பக்கம் பக்கமாக உரை. ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் கட்டுரை படிப்பார். இந்த நாவலுக்கு 1961-ல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தது வாலாஜாப் பகுதிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

என் உண்மையான சண்டை கடைசியில்தான் வந்தது. தறிகெட்டுப் போன சந்திரனுக்கு மு.வ. தொழுநோயைக் கொடுக்கிறார். கெட்டு அலைந்தான், உடம்பு அழுகியது, செத்தான். நோயைத் தண்டனையாக வைக்கிறார். படித்து முடித்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் நாவல் வந்தது 1958-ல். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே, 1955-ல், நம் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வந்துவிட்டது. மருந்தும் வந்துவிட்டது. மு.வ. சொந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடக் கூடிய தூரம். அவரைப் போன்ற சீர்திருத்தக்காரருக்கு, மூடநம்பிக்கை பற்றி அத்தனை பக்கம் எழுதியவருக்கு, இந்த ஒரு மூடநம்பிக்கை மட்டும் கண்ணில் படவில்லையே என்று கோபம்.

அந்தக் கோபத்தில் எடுத்ததுதான் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்'. டாக்டர் பால் பிராண்ட் வரலாறு. பழைய புத்தகக் கட்டில் கிடைத்தது, நாற்பது ரூபாய். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும், பக்கத்துக்கு ஏழெட்டு வார்த்தை போனில் பார்க்க வேண்டும். அதனால் இரண்டு மாசம் ஆயிற்று. பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், பெற்றோர் மிஷனரிகள். லண்டனில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1946-ல் வேலூருக்கு வருகிறார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நோய் சதையைத் தின்கிறது என்றுதான் உலகம் முழுக்க நம்பினார்கள். அவர் பார்த்தது வேறு. நோய் நரம்பைக் கொன்றுவிடுகிறது, வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாதவன் சூடான பாத்திரத்தை எடுப்பான், ஆணி குத்திய காலோடு நடப்பான். காயத்துக்கு மேல் காயம் பட்டுப் பட்டுத்தான் விரல் போகிறது.

எலிக் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நோயாளிகளுக்கென்று ஒரு சிறு குடியிருப்பு. ராத்திரி படுத்தவர்கள் காலையில் எழுந்தால் விரலில் துண்டு காணவில்லை. இரவில் எலி வந்து கடித்திருக்கிறது. இவர்களுக்கோ உணர்ச்சியே இல்லை, தூக்கம் கலையவில்லை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். இதைப் படித்த அன்று கடையில் ஸ்டேப்ளர் முள் என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. "ஸ்ஸ்" என்று கையை உதறினேன். உதறிய பிறகுதான் அந்த உதறல் எவ்வளவு பெரிய சொத்து என்று தோன்றியது.

முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் தசையின் நாணை எடுத்து, மடங்கிப்போன விரல்களுக்கு இணைத்து, கையைத் திறக்க வைக்கும் அறுவை சிகிச்சையை அவர் நம் ஊரில் வைத்துத்தான் உருவாக்கினார். புத்தகத்தின் மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. எழுதியவர் பிராண்டை ஒரு பக்கத்தில்கூட எரிச்சலடைய விடமாட்டேன் என்கிறார். மனுஷன் வேலூர் மே மாதத்தில் ஆபரேஷன் செய்திருக்கிறார், ஒரு தடவையாவது யாரிடமாவது சிடுசிடுத்திருக்க மாட்டாரா? போகட்டும். சந்திரனுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தால் போதும் என்று மு.வ.விடம் சொல்ல எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

நடுவில் 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் பாதியில் வைத்துவிட்டேன். பெயர் வேண்டாம், எழுதியவர் உழைத்திருக்கிறார். புதுத் தலைப்பாகை, தோல் பட்டை, நாமம் போடக்கூடாது, தாடியைக் குறைக்கணும் என்று காரணங்களுக்கே பாதிப் புத்தகம். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்து, ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்ததும் அதே காலையில் கைவிட்டுப் போனதே, அந்தச் சில மணி நேரம் ஒரு அத்தியாயம்கூட இல்லை. நமக்கு வேண்டியது அதுதானே.

பாலாறு விஷயம் இன்னும் தீரவில்லை. அம்மாவின் முழங்கை ஆழ ஊற்று எங்கே போனது என்ற கேள்வி. அதற்கும் பதில் கடைக்கே வந்தது. மேலே சொன்ன அதே பொண்ணு பென்டிரைவில் ஒரு தீர்ப்பு கொண்டுவந்து பிரிண்ட் கேட்டது. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு, உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28. நடுவில் பேப்பர் ஜாம். மெஷினைத் திறந்து கசங்கிய தாளை இழுத்தபோது கண்ணில் பட்டது 35,000 ஹெக்டேர் என்ற எண். தோல் தொழிற்சாலைப் பகுதியில் முழுசாகவோ பகுதியாகவோ பாழான விவசாய நிலத்தின் அளவு. எனக்கென்று ஒரு பிரதி கூடுதலாக அடித்துக்கொண்டேன்.

தீர்ப்பையெல்லாம் யாராவது படிப்பார்களா என்று கேட்காதீர்கள். நாவலில் உரை கேட்டு நொந்து போனவனுக்கு இது நிம்மதியாக இருந்தது. ஊர் பெயர், அளவு, தேதி, உத்தரவு, அவ்வளவுதான். நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. மாசு செய்தவனே செலவை ஏற்கணும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அழுத்திச் சொன்னது நம் ஆற்றை வைத்துத்தான். தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அப்புறம் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது நான் கல்லூரியில் மு.வ.வைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் தீர்ப்பில் ஆள் இல்லை. பாழான நிலத்தில் யார் உழுதார்கள், தோல் ஷாப்பில் யார் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார்கள் என்பது எண்களுக்குள் வராது. அதற்கு அழகிய பெரியவனிடம்தான் போகணும். பேரணாம்பட்டுக்காரர். நிலம் கைவிட்டுப் போன தலித் குடும்பத்தைப் பற்றிய 'தகப்பன்கொடி' இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதி தாண்டிவிட்டேன். நம் பக்கத்துப் பேச்சைக் கூச்சப்படாமல் அப்படியே எழுதுகிறார். பதினைந்து வருஷமாக மதுரைத் தமிழிலும் நெல்லைத் தமிழிலும் அழுது பழகிய எனக்கு, ஒருத்தன் நம்ம ஊர்ப் பேச்சில் அழும்போது தொண்டை வேறு மாதிரி அடைக்கிறது. மு.வ. பாத்திரங்கள் வாலாஜாவில் நின்றுகொண்டு பச்சையப்பன் கல்லூரித் தமிழ் பேசியது இப்போதுதான் உறைக்கிறது.

அடுத்தது கவிப்பித்தனின் 'நீவாநதி'. வாங்கி வைத்திருக்கிறேன், தொடங்கவில்லை. நீவா என்பது நம் பொன்னையாறுதான். சிவன் "நீ வா" என்று கூப்பிட்டதால் அந்தப் பெயர் என்று திருவல்லத்தில் சொல்வார்கள். கூடவே ராஜாஜியின் வேலூர்ச் சிறை நாட்குறிப்பு. 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாசம் உள்ளே இருந்தபோது எழுதியது. சின்னப் புத்தகம், ஒரே மதியத்தில் முடிக்கலாம். சுதந்திரம் வந்த உடனே நல்லாட்சி வந்துவிடாது, தேர்தல் ஊழலும் பணக்காரர் கொடுமையும் நிர்வாகக் கோளாறும் மக்களை வதைக்கும் என்று 1922 ஜனவரியிலேயே ஜெயிலுக்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த ஒரு பகுதியை மட்டும் எங்கோ படித்துவிட்டு, முழுசாகப் படிக்க எடுத்திருக்கிறேன். அவரோடு எனக்கு வேறு சண்டைகள் நிறைய உண்டு, அதனால் சீக்கிரம் முடியாது.

வக்கீலம்மா, உனக்கு என் யோசனை, தீர்ப்பிலிருந்து ஆரம்பி. நீ பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாயே தவிர இன்னும் படித்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்புறம் கடைக்கு வா, 'தகப்பன்கொடி' முடித்திருப்பேன், தருகிறேன். அதற்கு மேல் அதே ஆசிரியரின் 'வல்லிசை' படிக்கணும். அது என்னிடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் கடையில் ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்து, "பத்து நாள்ல குடுத்துடுறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். போகிற அவசரத்தில் ரேஷன் கார்டின் ஒரிஜினலைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டார், அதை மட்டும் மறுநாளே வந்து வாங்கிப் போய்விட்டார். அவர் இந்தப் பதிவையும் படிப்பார், லைக்கும் போடுவார்.