சவுண்டு பார்த்தவர் பெயர்

போன வாரம் காசிமேட்டில், எங்கள் தெருவில் கானா கச்சேரி. பாடினவர், தபேலா, கீபோர்டு என ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் சொல்லிக் கைதட்டினார்கள். நடுவில் ஒருமுறை ஸ்பீக்கர் கொய்ங்கென்று கத்தியது. அப்போதுதான் கூட்டம் மிக்சர் பக்கம் திரும்பியது. "சவுண்டு! இன்னா பண்ற?" நாலு மணி நேரம் நின்ற பையனுக்கு அன்றைக்குக் கிடைத்தது அந்த ஒரு திட்டுதான். எனக்கு ஆறவே இல்லை.

என் அப்பா ராயபுரத்தில் மைக் செட் வைத்திருந்தவர். ஆடி மாதம் முழுக்க வீட்டுப் பக்கம் வர மாட்டார். அம்மன் கோயிலில் இசைத்தட்டை ஓடவிட்டு, பாட்டு தொடங்கும் இடத்தில் முள்ளை வைத்து, தட்டின் ஓரத்தை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு நிற்பார். அடியில் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். பூசாரி கற்பூரத் தட்டைத் தூக்கியதும் விரலை எடுப்பார். பாட்டு அந்த நொடியில் விழும்.

டாஃப்னி ஓரம் என்ற ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. 1943ல், 17 வயதில் பிபிசி வானொலியில் ஒலிப் பிரிவு வேலைக்குச் சேர்ந்தவர். போர்க்காலம். லண்டன் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி நேரடியாகப் போய்க்கொண்டிருக்கும். அதே இசையின் தட்டை இவர் கூடவே ஓடவிட்டு, மேடையோடு இழை பிசகாமல் வைத்திருப்பார். குண்டு விழுந்து கச்சேரி நின்றால் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும், வீட்டில் கேட்பவருக்குத் தெரியவே கூடாது. வேலை சரியாக நடந்தால் அப்படி ஒருத்தர் இருந்ததே யாருக்கும் தெரியாது!

இரவில் நிலையம் அடங்கிய பிறகு டேப் ரெக்கார்டர்களை ஒரே இடத்துக்கு உருட்டி வந்து சோதனை செய்வார், விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். இசைக்குழுவோடு இசைத்தட்டுகளையும் சேர்த்து 1949ல் அவர் எழுதிய இசையை நிலையம் ஏற்கவில்லை. அது மேடை ஏறியது 2016ல். அவர் இறந்தது 2003ல்.

1958ல் பிபிசியின் மின்னணு ஒலிப் பிரிவான ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. ஆனால் அங்கே கேட்டது நாடகத்துக்கான ஒலிகளை, அவர் விரும்பியது இசையை. ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டார். அப்புறம் கென்ட் கிராமத்து வீட்டில், 35 மி.மீ. பிலிம் சுருளில் கோடு வரைந்தால் அதையே ஒலியாக மாற்றும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்.

அதே ஒர்க்‌ஷாப்பில் பிறகு வந்த டெலியா டெர்பிஷையர் கதை இன்னும் வலிக்கிறது. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை 1963ல் ஒலிநாடாவை வெட்டி வெட்டி ஒட்டி உருவாக்கியவர் அவர். மெட்டமைத்த ரான் கிரைனரே உரிமைத்தொகையில் பாதியை இவருக்குத் தரச் சொன்னார். நிர்வாகம் விடவில்லை. திரையில் அவர் பெயர் வந்தது 2013ல், அவர் இறந்து 12 வருடம் கழித்து.

நம் நோட்டீஸிலும் 'ஒலி, ஒளி' என்று கடைப் பெயரைத்தான் போடுகிறோம். குமிழைத் திருப்பும் கை யாருடையது என்று கேட்பதில்லை. பக்கவாத்தியக்காரர் பெயருக்கு அடுத்த வரியில் அவர் பெயரும் வரவேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஆடிக்கு எங்கள் தெரு நோட்டீஸ் என் பொறுப்பு. நேற்று அந்தப் பையனைத் தேடிப் போய்ப் பெயர் கேட்டேன். சொன்னான். நான் கிளம்பும்போது பின்னாலேயே ஓடி வந்தான்.

"அண்ணே, இனிஷியலும் போட்ருங்க. அப்பா பேரு."