முதல் பத்து நிமிடத்திலேயே பகடை அவர்கள் கைக்கு வரட்டும்

கோத்தகிரியில் ஞாயிறு மதியம் நாங்கள் ஆடும் ரோல்பிளேயிங் குழுவில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. சேர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி என்பதில்தான் நண்பர்கள் சிலரோடு ஒத்துப்போக முடியவில்லை. முதலில் விதிகளைச் சொல்லித்தருவோம், ரெண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் ஆடட்டும் என்கிறார்கள். பதினாலு வயதுப் பிள்ளைக்கு வாரம் முழுக்க அதுதானே நடக்கிறது? பள்ளியில் உட்கார், டியூஷனில் உட்கார், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. ஞாயிற்றுக்கிழமையும் அதையே கொடுத்தால் அடுத்த வாரம் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "ஆறு பெருகி ஓடுது, பாலம் இல்ல, என்ன பண்றீங்க?" என்று டிஎம் கேட்பார். என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு உங்கள் பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டி, டிஎம் வைத்த எண்ணை எட்டுகிறதா என்று பார்ப்போம். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். விதிப் புத்தகம் தடிமன்தான். ஆனால் புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாள் தெரிய வேண்டியது இந்தப் பத்தியில் இருப்பது மட்டும்தான்.

போன கோடை விடுமுறையில் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கதையில் பனிமூட்டம், ஒற்றையடிப் பாதை, எதிரே ஒரு காட்டுமாடு. எங்கள் அனுபவஸ்தர் ஒருவர் வழக்கம்போல வாளை உருவிவிட்டார். அப்போதுதான் இவன், "அண்ணா, வேண்டாம். அது தனியா நிக்குதா, கூட்டமா?" என்றான். தனியாக என்றார் டிஎம். "அப்ப ஓடக்கூடாது. மெதுவா பின்னாடி போயி, மேல தேயிலைக்குள்ள ஏறிச் சுத்திப் போயிடலாம்." பகடையை அவனிடமே கொடுத்தோம். பதினேழு விழுந்தது. அன்று மீதிக் கதை முழுக்க மற்றவர்கள் அவன் பின்னால்தான் நடந்தார்கள். அவனுக்கு ஒரு விதியும் தெரியாது. காட்டுமாட்டைத் தெரியும், பள்ளிக்குப் போகிற வழியில் பார்க்கிற மாடு அது.

அதனால்தான் சொல்கிறேன், புதுப் பிள்ளைகள் வரும் நாளில் கதை நம் மலையில் நடக்கட்டும். டிராகன் குகை எங்கேயும் ஓடிப்போகாது. குன்னூர்ப் பக்கம் பக்காசுரன் கோட்டை இருக்கிறது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ரயில் பாதையில் அத்தனை குகைப்பாதை இருக்கிறது, கரடி புகுந்த பேக்கரி இருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டி சொன்ன கப்பல் கதையையே ஒரு பிள்ளை தன் பாத்திரத்தின் முன்கதையாக வைத்தால் அதைவிட நல்ல ஆரம்பம் நான் எங்கே தேடுவேன்?

மேசையில் தமிழ்தான் ஓட வேண்டும். போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரளம், அரசுப் பள்ளிப் பிள்ளை அங்கேயே சுருண்டுவிடும். படகர் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் படக மொழியில் பேசித் திட்டம் போட்டால் போடட்டும், எதிரிக்குப் புரியாமல் பேசுவதும் ஒரு தந்திரம்தானே.

காசு ஒரு தடையே இல்லை. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் நிறுவனமே அதன் ஐந்தாம் பதிப்பின் மைய விதிகளை யாரும் எடுத்து ஆளலாம் என்று திறந்துவிட்டது. இருபது முகப் பகடை நம் ஊர்க் கடையில் கிடைக்காது, பரவாயில்லை. ஒன்றிலிருந்து இருபதுவரை சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்து, எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டால் கணக்கு அதேதான். ஸ்னூக்கரின் விதிகள் 1880களில் ஊட்டி கிளப்பில் வைத்துத்தான் முறைப்படுத்தப்பட்டன என்பார்கள். அந்த அறைக்குள் எத்தனை மலைப் பிள்ளைகள் கால் வைத்திருப்பார்கள்? நம் ஆட்டத்துக்கு உறுப்பினர் அட்டை வேண்டாம், ஒரு மேசை போதும். அதையும் நாமே பூட்டி வைத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அழைக்கும்போது இரண்டிரண்டு பேராக அழையுங்கள். தனியாக வரும் பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, பெரியவர்கள் நடுவே கூச்சத்திலேயே நேரத்தைக் கழித்துவிடும். பெற்றோரிடம் முதலில் நாம்தான் போய்ப் பேச வேண்டும். கதவு திறந்தே இருக்கும், பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள், அம்மாவோ அப்பாவோ எந்த நேரமும் வந்து உட்காரலாம், இருட்டுவதற்குள் பஸ் ஏற்றிவிடுவோம். இதைச் சொல்லாமல் பிள்ளையை மட்டும் கூப்பிடுகிற குழுவுக்கு என் வீட்டுப் பிள்ளையை நானே அனுப்ப மாட்டேன்.

இன்னொன்று. டிஎம்கள் மண்சரிவைக் கதையில் கொண்டுவரும் முன் கேட்டுவிடுங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். இன்றைய பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள், ஆனால் அந்த இரவு சில வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கிறது. மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டையை வைப்போம். யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் போவோம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இதைப் பெரியவர்கள் சிலர் குழந்தைத்தனம் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைப் பொதுத்தேர்வு முடியும்வரை தொந்தரவு செய்ய வேண்டாம். மே மாதம் சீசன் நெரிசலில் பஸ் கிடைப்பது கஷ்டம் என்பதால் அந்த மாதம் மட்டும் காலை பத்து மணிக்கே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கதை நடத்த ஆள் இருக்கிறது. பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டுவரை கூட்டிப்போய் ஏற்றிவிட இரண்டு பெரியவர்கள் தேவை, அதில் ஒரு பெண் இருந்தால் நல்லது. முடிந்தவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.