இன்னொரு மதிப்பீட்டு அறிக்கையா?

பழைய மென்பொருளை நவீனப்படுத்தப் போகிறோமாம், அதற்கு முதலில் மதிப்பீடு செய்ய வேண்டுமாம். ஏன், போன முறை பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த அறிக்கையை யாராவது திறந்தாவது பார்த்தீர்களா? விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியின் எடிட்டருக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2008-இல். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 பிரவுசருக்கு மூடுவிழா 2022 ஜூனில். எங்கள் பில்லிங் திரை மட்டும் இன்றைக்கும் எட்ஜ் பிரவுசரில் ஐஇ மோடு (பழைய எக்ஸ்புளோரர் போல நடிக்கும் வசதி) போட்டுக் கெஞ்சினால்தான் திறக்கும்.

ஆவணம் எங்கே என்று கேட்டால் "எல்லாம் புரோகிராம் கோடிலேயே இருக்கு" என்கிறார்கள். சரி என்று அந்த நிரலைத் திறந்தால் "இதைத் தொடாதே" என்று ஒரு கமென்ட், அவ்வளவுதான். எதற்குத் தொடக்கூடாது, தொட்டால் என்ன ஆகும்? எழுதியவர் எப்போதோ ஓய்வுபெற்றுப் போய்விட்டார். டேட்டாபேஸில் 'டெம்ப்' என்று ஒரு டேபிள், தற்காலிகம்தானே என்று அழித்துவிடாதீர்கள், வரிக் கணக்கு முழுக்க அதில்தான் ஓடுகிறது. (கோபோல் (COBOL) என்ற பழங்கால நிரல்மொழியே தேவலாம். 1959-இல் உருவாக்கும் வேலை தொடங்கிய மொழி, அதற்காவது கையேடு கிடைக்கும்.) மாற்றியபின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் கேஸ்? அப்படியென்றால் என்ன என்று கேட்பார்கள்.

அப்புறம் ஒரு கன்சல்டன்ட் வருவார், எல்லாவற்றையும் மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியே ஓடும் குட்டிக் குட்டி மென்பொருள்களாக உடைத்துவிடலாம் என்பார், மேலிடம் தலையாட்டும். கடைசியில் பழைய சர்வரை அப்படியே தூக்கி கிளவுடில் வைத்துவிட்டுக் கேக் வெட்டுவார்கள். மிச்சத்துக்கு பட்ஜெட் கேட்டால் "அதான் ஓடுதே, எதுக்குத் தொடணும்?" ஓடவில்லை சார், ராத்திரி ராத்திரியாக நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.