விட்டுவிட்டால் முடிந்துவிட்டதா?

"அதுதான் விட்டுவிட்டார்களே, பிறகு ஏன் இன்னும் எழுதுகிறீர்கள்?" என்று நேற்றிலிருந்து இன்பொக்சில் கேட்கிறார்கள். ஆளை மாற்றிப் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோனது என்று போன பதிவில் எழுதினேனே, அந்தப் பெடியன் வீட்டுக்கு வந்துவிட்டான், சரி. பொலிஸ் தேடிய வேறொருவனுடைய பெயரும் அவனுடைய பெயரும் ஒன்று என்பதற்காக, விடியும்வரை இருத்தி "நீதானே, ஒத்துக்கொள்" என்று நெருக்கினார்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

பெயர் குழம்பி ஆளை மாற்றிப் பிடிப்பது எந்த ஊரிலும் நடக்கும். என் கோபம் அதில் இல்லை. பிடித்த பிறகு அவர்கள் விசாரிக்கவே இல்லை. அடையாள அட்டை இலக்கத்தை ஒப்பிட்டிருக்கலாம். குற்றம் நடந்த அன்று நிலாவெளியில் வேலையில் நின்றேன் என்றான், அங்கே ஒரு போன் எடுத்திருக்கலாம். முடிவை முதலே எடுத்துவிட்டு, அதற்கு ஒருவன் வாயிலிருந்து 'ஓம்' வாங்குவது விசாரணை இல்லை.

யுத்த காலத்தில் என் சித்தப்பாவையும் இப்படித்தான் பெயரை வைத்துக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே எழும்பமாட்டார்.

"நெருக்காவிட்டால் கள்ளன் உண்மை சொல்வானா?" என்கிறீர்கள். 2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சின்னப் பிள்ளை கொல்லப்பட்ட வழக்கை மறந்துவிட்டீர்களா? முதலில் ஒரு பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள். பிறகு இன்னொருவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்கள். மரபணு பொருந்தவில்லை. கடைசியில் தண்டனை பெற்றவர் வேறு ஆள். நெருக்கினால் 'ஓம்' வரும். உண்மை வரும் என்று யார் சொன்னது?

பொலிசாருக்கு வேலைப்பளு என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு போன் எடுக்க நேரமில்லாதவர்களுக்கு விடிய விடிய இருத்திவைக்க நேரம் இருந்ததே.

பொலிசிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்று 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமே சொல்லிவிட்டது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேலான அதிகாரியிடமோ கொடுத்தால் செல்லும் என்று கதவைத் திறந்தது. அந்தக் கதவால் உள்ளே போனவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்? இங்கிலாந்திலும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே கிடந்தவர்கள் 1989இலும் 1991இலும் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே விசாரிக்கும் முறையையே மாற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் அவன் சொல்வதைக் கேள், பிறகு சரிபார். இங்கே அதைப் படிப்பிக்க என்ன தடை?

"நெருப்பில்லாமல் புகையாது" என்று என் போன பதிவின் கீழே எழுதியவருக்கு: அந்தப் பெடியனின் அம்மா அதை வாசித்துவிட்டார். நான் அழிக்கப்போவதில்லை. நீங்களே அதை அழித்துவிடுங்கள்.