துரு பூசாத குற்றத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை மாதிரி வண்டிகள் கண்காட்சிக்கு வந்திருந்தவர்கள், துரு பூசாத என் குட்டிக் கவச காரைப் பார்த்தீர்கள், வராதவர்களுக்கு அன்று இரவே செய்தி போயிருக்கும். அதனால் கதையை மறுபடி சொல்லவில்லை. "போருக்குப் போன வண்டி மாதிரியே இல்லையே சார், ஷோரூம்ல எடுத்த மாதிரி இருக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டுச் சிரித்தாரே ஒருவர், அந்தச் சிரிப்புக்கு மட்டும் பதில்.

நான் செய்தது 1922-ல் அயர்லாந்து உள்நாட்டுப் போரில் ஓடிய ரோல்ஸ் ராய்ஸ் கவச காரின் சின்ன மாதிரி. ஆமாம், அதே ரோல்ஸ் ராய்ஸ்தான். சில்வர் கோஸ்ட் என்ற சொகுசு காரின் சேஸிஸ் மேல் இரும்புத் தகடு, உச்சியில் சுழலும் கோபுரம், அதில் ஒரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி. பிரிட்டிஷ்காரர்கள் அயர்லாந்தின் புது அரசிடம் ஒப்படைத்தது 13 கார்கள். 1920 மாடல். சண்டை மூண்டபோது இரண்டு வருஷத்து வண்டி! உங்கள் வீட்டு வாசலில் இரண்டு வருஷமாக நிற்கும் ஸ்கூட்டர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தா கிடக்கிறது?

தூசி படியாதா என்பீர்கள். படியும். மட்கார்டுக்கு அடியில் படிய வைத்திருக்கிறேன். குனிந்தால் தெரியும். யாரும் குனியவில்லை.

சக்கரத்தையாவது பார்த்தார்களா? முதலில் எனக்குக் கிடைத்த கிட்டில் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் வரும் பெட்டி) இருந்தது 1914 மாடலின் கம்பிச் சக்கரம். 1920 மாடலுக்குத் தட்டுச் சக்கரம். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டித் தேய்த்தேன். கார் மொத்தமே 14 செ.மீ. நீளம். "நிஜக் காருக்கே சக்கரம் மாட்டி முடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி. அவள் சிரித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அவள் சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

பரிசு கிடைக்காத கடுப்பு என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். பரிசு வாங்கிய டாங்கியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். (சேற்றுக்குள் டாங்கி எங்கே என்று கொஞ்ச நேரம் தேடினேன், அவ்வளவுதான்.)

இரண்டு வருஷத்து வண்டி. அதை மறக்க வேண்டாம்.

அப்புறம், "அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட சண்டை, அந்த வண்டியைப் பளபளவென்று வைப்பதில் என்ன பெருமை?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் கேட்டார். இது மைக்கில் வரவில்லை, ஆனால் இதுதான் இன்னும் குத்துகிறது. பெருமைக்கா செய்கிறேன்? நான் செய்த காருக்கு 'ஸ்லீவ்னமான்' என்று பெயர், பெண்களின் மலை. 1922 ஆகஸ்ட் 22 அன்று கார்க் மாவட்டத்தில் புது அரசின் படைத் தளபதி மைக்கேல் காலின்ஸ் திறந்த காரில் போக, பின்னால் காவலுக்கு வந்தது இதுதான். பதுங்கியிருந்த எதிரணியினர் சுட்டார்கள். இதன் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. காலின்ஸ் சாலையிலேயே செத்தார். அன்று அந்தத் துப்பாக்கியைப் பிடித்திருந்த மெக்பீக், அதே டிசம்பரில் இதே காரை எடுத்துக்கொண்டு எதிரணியிடம் போய்விட்டார். கார் அப்புறம் மீட்கப்பட்டது, மெக்பீக் சிறைக்குப் போனார். ஆறு மாதத்துக்குள் இரண்டு பக்கமும் நின்ற வண்டி இது. இதைச் செய்தவன் யுத்தப் பிரியனாம். சரி.

கார் இன்றும் அயர்லாந்து ராணுவத்திடம் இருக்கிறது, ஓடுகிறது. சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களிடமும் போய், கொஞ்சம் துரு பூசுங்கள் என்று மைக்கில் சொல்லலாம்.

அடுத்த கண்காட்சிக்கும் இதையேதான் கொண்டுவருவேன். பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் வைக்கிறேன்.