கூரை இடிந்ததால் வந்த காடு
வியட்நாமின் சன் டூங் குகையைப் பற்றிப் படங்களோடு வந்த கட்டுரை ஒன்றைப் படித்தேன்; குகையை ‘வெயிலே படாத பாதாள உலகம்’ என்று அது சொல்வது சரியில்லை. அங்கே இரண்டு இடங்களில் கூரை இடிந்து விழுந்திருக்கிறது. அந்தத் திறப்பு வழியாக வெயிலும் மழையும் இறங்குவதால்தான் அடியில் ஒரு காடே வளர்ந்து நிற்கிறது. குகைக்குள்ளேயே மேகம் திரள்வதும் உண்டு. ஆனால் எனக்குப் பெரிய வியப்பு, கட்டுரை தொடாமல் விட்ட குகை முத்துக்கள்தான். ஆழமில்லாத குழியில் கிடக்கும் மணல் துகள்மேல் நீர் சொட்டுச் சொட்டாக விழ, அதிலுள்ள சுண்ணாம்பு படலம் படலமாகச் சுற்றிலும் படிகிறது. விழும் சொட்டு அசைத்துக்கொண்டே இருப்பதால் துகள் தரையோடு ஒட்டிக்கொள்வதில்லை. அப்படியே உருண்டு திரண்டு, சில முத்துக்கள் கையில் அடங்கும் பந்து அளவுக்கே வந்துவிட்டன. குகையின் 200 மீட்டர் உயரக் கூடத்துக்குக் கட்டுரை கொடுத்த படங்களில் ஒன்றையாவது இவற்றுக்கும் கொடுத்திருக்கலாம்.